செங்காலுறைக் குழுவின் இரயில் பயணம்

பயணக் கட்டுரை எழுதுவோர் தாம் நேரிற்சென்று கண்ட ஊர்களைப் பற்றியே எழுதுவது வழக்கம். நான் எழுதப் புகும் ஊர்களுள் ஒன்றையேனும் நான் கண்டதில்லை. ஆயினும் இரயில்வே அலுவலகத்தில் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருப்பவனுக்கு ஒரு பழக்கம் படிந்துவிடுகிறது. வரைபடமும் வழித்தட விவரமும் கைக்குக் கிடைத்துவிட்டால் போதும். எந்த நாட்டு வண்டியிலும் மனத்தால் ஏறி அமர்ந்துகொள்ளலாம். அவ்வாறு நான் சில மாதங்களாக ஏறி அமர்ந்திருப்பது, 1869-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிலிருந்து புறப்பட்ட ஒரு வண்டி. பந்தாடுவதற்கென்றே சம்பளம் பேசி அமர்த்தப்பட்ட ஒரு குழு அதில் பயணம் செய்தது. அவர்கள் ஆடியது பேஸ்பால் ஆட்டம்.

கிரிக்கெட் அறிந்த நம் குடும்பத்தாருக்கு இவ்வாட்டத்தை விளக்குதல் எளிது. ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். மட்டை பிடித்தவர் பந்தை அடித்துவிட்டு ஓடி, சதுரமாக அமைந்த நான்கு முனைகளையும் சுற்றிவந்து, புறப்பட்ட இடத்தைத் தொட்டால் ஓர் ஓட்டம். மூவர் ஆட்டமிழந்தால் முறை மாறும். இவ்வாறு இரு பக்கத்தாருக்கும் ஒன்பது முறை. 1869-இல் பந்தெறிவோர் நாற்பத்தைந்தடித் தொலைவில் நின்று கையைத் தாழ்த்தியே எறிய வேண்டும் என்பது விதி. பந்தைப் பிடிப்போர் கையுறை அணியும் வழக்கமும் அப்போது வரவில்லை. வெறுங்கையால் பிடித்துப் பிடித்து அவர்தம் விரல்கள் கோணிப் போயின.

சின்சினாட்டி, ஒஹையோ ஆற்றின் வடகரையில் உள்ள நகரம். அந்நாளில் இரண்டு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் அங்கு வாழ்ந்தனர். பன்றியிறைச்சி வாணிகத்துக்குப் பேர்பெற்ற ஊர். ஜெர்மானியர் பெருந்திரளாகக் குடியேறிய ஊர். நியூயார்க்கும் பிலடெல்பியாவும் பந்தாட்டத்தில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருக்க, உள்நாட்டு நகரமாகிய தமக்கும் ஒரு பெயர் வேண்டும் என்னும் ஆவல் அவ்வூர்ப் பிரமுகர்களுக்கு இருந்தது. ஆரன் சாம்பியன் என்னும் வழக்கறிஞர் அவ்வூர்ப் பந்தாட்டச் சங்கத்தின் தலைவர். ஆட்டக்காரர்களுக்கு வெளிப்படையாகச் சம்பளம் கொடுக்கலாம் என்று 1869-ஆம் ஆண்டுப் பருவத்துக்கு அகில நாட்டுச் சங்கம் இசைவு தந்ததும், அவரும் அவருடைய நண்பர்களும் பணம் திரட்டி ஆட்களைத் தேடினர்.

குழுவின் தலைவர் ஹாரி ரைட். இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் 1835-இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் அமெரிக்கா வந்தவர். தந்தையார் நியூயார்க்கில் ஒரு கிரிக்கெட் சங்கத்தின் சம்பள ஆட்டக்காரர். ஹாரி நகைத்தொழில் பழகியவர். பின்பு கிரிக்கெட் பயிற்றுவிப்பதற்காகவே சின்சினாட்டிக்கு வந்தவர். அவருடைய தம்பி ஜார்ஜ், அந்நாளில் அந்நாட்டிலேயே தலைசிறந்த பந்தாட்டக்காரர் என மதிக்கப்பட்டவர். தமையனுக்குச் சம்பளம் 1,200 டாலர். தம்பிக்கு 1,400 டாலர்! நம் வீடுகளில் இப்படி ஒரு கணக்கு நேர்ந்திருந்தால் எத்தனை பேச்சு எழுந்திருக்கும்? அவர்களிடையே ஒரு மனத்தாங்கலும் எழுந்ததாகத் தெரியவில்லை. பந்தெறியும் பிரைனார்டுக்கு 1,100, வாட்டர்மனுக்கு 1,000, ஸ்வீசி, கூல்டு, அல்லிசன், லெனர்டு, மக்வே ஆகிய ஐவருக்கும் தலைக்கு 800, மாற்று ஆளாகிய ஹர்லிக்கு 600. ஆகக் கூடுதல் 9,300 டாலர். மார்ச் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை எட்டு மாதத்துக்கு இது.

இந்தப் பதின்மருள் சின்சினாட்டியில் பிறந்தவர் ஒருவரே. கணக்கெழுதும் வேலை பார்த்துவந்த சார்லி கூல்டு அவர். லெனர்டு அயர்லாந்தில் பிறந்தவர்; அவரும் ஸ்வீசியும் நியூஜெர்சிப் பக்கத்தில் தொப்பி செய்யும் தொழிலில் இருந்தவர்கள். அல்லிசன் பிலடெல்பியாவில் சலவைக்கல் செதுக்கியவர். எல்லோரினும் இளையவரான மக்வே இண்டியானாபோலிசிலிருந்து வந்தவர்; பியானோ செய்யும் தொழில் அறிந்தவர். ஹாரி ஒருவரே முப்பதைக் கடந்தவர். ஏனையோர் பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதினர். சம்பளத்துக்காக ஊர்விட்டு ஊர் வந்த பிள்ளைகள்! அவர்கள் மார்பில் சின்சினாட்டியின் பெயரைத் தாங்கி, அந்நகரின் மானத்தைக் காக்கப் புறப்பட்டனர். பிழைப்புக்காக வடக்கே வந்து, அலுவலகங்களுக்கும் ஆலைகளுக்கும் பெயர் தேடித் தந்துகொண்டிருக்கும் நமக்கு இது புரியாத செய்தி அன்று. நான் இவர்களைப் பின்தொடர்ந்ததற்குக் காரணமும் அதுவே.

இங்கே இடைச்செருகலாக ஒன்று சொல்ல வேண்டும். இதற்கு முன்னரும் ஆட்டக்காரர்கள் பணம் வாங்காமல் இல்லை. ஆனால் அது மறைவாக நடந்தது. 1867-இல் ஜார்ஜ் ரைட் வாஷிங்டன் குழுவொன்றில் ஆடியபோது, அவர் அரசாங்க அலுவலக எழுத்தர் என்றும், பணியிடம் பென்சில்வேனியா அவென்யூ 238-ஆம் எண் என்றும் எழுதி வைத்திருந்தனர். அந்த எண்ணில் இருந்தது ஒரு பூங்கா! மரத்தடியில் என்ன கோப்பு எழுதினாரோ? எழுத்தன் என்னும் முறையில் எனக்கு இதில் சிறிது வருத்தமும் உண்டு. பொய்ப்பதவி ஒன்று சூட்ட வேண்டுமென்றால் உலகத்தார்க்கு நம் பதவியே முதலில் நினைவுக்கு வருகிறது போலும். நம் இரயில்வேயில் ஆட்டக்காரர்க்கு வேலை கொடுப்பது வெளிப்படையான ஏற்பாடு. மகேந்திர சிங் தோனி 2001 முதல் சில ஆண்டுகள் கரக்பூரில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்ததை நம் பிள்ளைகள்கூட அறிவார்கள்.

1869 மே மாதம் 31-ஆம் நாள் குழு கிழக்கு நோக்கிப் புறப்பட்டது. வெள்ளைக் கம்பளிச் சட்டை, முழங்காலளவுக் கால்சட்டை, அதன் கீழ் செக்கச்செவேலென்ற காலுறை. மற்றக் குழுவினரெல்லாம் நீண்ட கால்சட்டை அணிந்த காலத்தில், இந்தக் கோலமே கூட்டத்தைக் கூட்டியது. ‘ரெட் ஸ்டாக்கிங்ஸ்’ என்ற பெயரும் அதனால் நிலைத்தது. ஆடுகளத்தில் வரிசையாக நின்று, தங்கள் குழுவைப் பற்றித் தாங்களே கட்டிய பாட்டு ஒன்றைப் பாடுவதும் உண்டாம். ஹாரி மில்லர் என்னும் செய்தியாளர் உடன் சென்று, நாள்தோறும் தம் பத்திரிகைக்குத் தந்தி அனுப்பினார்.

முதல் நிறுத்தத்திலேயே மழை, ஆட்டம் நடக்கவில்லை. அடுத்த நாள் மான்ஸ்பீல்டு, அதற்கடுத்த நாள் கிளீவ்லாந்து, பின்பு பபலோ, அதன்பின் ராச்செஸ்டர் என்று ஒவ்வோர் ஊரிலும் ஒரு நாள். ஆட்டம் முடிந்ததும் வண்டி, வண்டியிலேயே உறக்கம், விடிந்ததும் வேற்றூர். ராச்செஸ்டரில் ஆட்டத்தின் நடுவே மழை கொட்டிக் களம் குளமாயிற்று. ஹாரி தம் ஆட்களிடம் துடைப்பத்தைக் கொடுத்துத் தண்ணீரைத் தள்ளச் செய்து, மரத்தூளைத் தூவி, ஆட்டத்தைத் தொடர்ந்தார். வாசற்கூட்டத்தின் காசு கைக்கு வராவிட்டால் அடுத்த ஊருக்கு வண்டிச் சத்தம் யார் கொடுப்பது? சிராக்கியூஸில் நேர்ந்ததோ வேடிக்கை. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது மைதானத்தில் ஓரடி உயரத்துக்குப் புல். அதன் நடுவே ஒரு கூட்டத்தார் புறாச் சுடும் போட்டி நடத்திக்கொண்டிருந்தனர். பந்தாட்டக்காரர் வரப்போகும் நினைவே அங்கே எவருக்கும் இல்லை! ஆடாமலே அடுத்த வண்டியைப் பிடித்தனர்.

நான் வேலை பார்ப்பது இடார்சிச் சந்திப்பில். நள்ளிரவில் இங்கே வண்டி மாறுவதற்காக நடைமேடையில் மட்டைப் பைகளைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கும் கல்லூரிப் பையன்களைப் பார்த்திருக்கிறேன். வென்றுவிட்டு வருகிறார்களா, தோற்றுவிட்டு வருகிறார்களா என்று தூங்கும் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சிராக்கியூஸ் நிலையத்தில் அந்தப் பதின்மரும் அப்படித்தான் படுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 15-ஆம் நாள் புரூக்ளினில் உள்ள யூனியன் மைதானத்தில், நியூயார்க்கின் மியூச்சுவல் குழுவுடன் ஆட்டம். முப்பது, நாற்பது என்று ஓட்டங்கள் குவிந்த காலம் அது. அன்றோ, ஓட்டம் ஒன்று எடுப்பதும் அரிதாயிற்று. இறுதி முறையில் மியூச்சுவல் குழு இரண்டுக்கு இரண்டு என்று சமன் செய்தது. அதன்பின் சின்சினாட்டி இரண்டு ஓட்டம் எடுத்து 4-2 என வென்றது. சின்சினாட்டியில் கிப்சன் விடுதியின் முன்னே மக்கள் திரண்டு நின்று தந்திக்காகக் காத்திருந்தனர். செய்தி வந்ததும் நகரம் முழுவதும் ஆரவாரம். (நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. தந்தி என்றாலே மரணச் செய்தி என்று நடுங்கிய நம் பாட்டிமார், தந்தி கேட்டு ஆடிப்பாடிய ஊரும் உண்டு என்றால் நம்புவார்களா?) மறுநாள் அட்லாண்டிக் குழு 32-10 எனவும், அதற்கு மறுநாள் எக்போர்டு குழு 24-5 எனவும் வீழ்ந்தன. மூன்று நாளில் நியூயார்க்கின் மூன்று பெருங்குழுக்களும் தோற்றன. அங்கிருந்து பிலடெல்பியா, பால்டிமோர், வாஷிங்டன். தலைநகரில் ஜனாதிபதி கிராண்ட் இவர்களை வெள்ளை மாளிகையில் வரவேற்றுப் பேசினார்.

ஜூலை முதல் நாள் திரும்பியபோது ஊரே நிலையத்தில் கூடியிருந்தது. வாத்தியங்கள் முழங்க ஊர்வலம். மரக்கடைக்காரர் ஒருவர் 27 அடி நீளத்தில் பெருமட்டையொன்று செய்து, அதில் ஆட்டக்காரர்களின் பெயர்களை எழுதிப் பரிசளித்தார். அன்று தன் வீட்டுக்குத் திரும்பியவர் கூல்டு ஒருவரே. மற்றவர்களுக்கு அது வேலை பார்க்கும் ஊர். ஆயினும் வீதியில் நின்ற மக்கள் எல்லோரையும் ‘நம் பிள்ளைகள்’ என்றே கொண்டாடினர். அந்தக் கொண்டாட்டத்தில் பொய் இருந்ததாக நான் கருதவில்லை.

ஆகஸ்டில் டிராய் ஊர்க் குழு வந்து ஆடியபோது 17-17 என்ற நிலையில் வம்பு செய்து களத்தை விட்டே வெளியேறியது. பெரும் பந்தயப் பணம் அதன்பின் இருந்ததாக அக்காலத்தில் பேசிக்கொண்டனர். நடுவர் சின்சினாட்டிக்கே வெற்றி என்று தீர்ப்பளித்தார். சூதாட்டம் எந்த நாட்டு ஆட்டத்தையும் விட்டுவைப்பதில்லை.

இனி வருவதுதான் இரயில்வேக்காரனுக்கு விருந்து. 1869 மே 10-ஆம் நாள், யூட்டாப் பகுதியில் பிராமண்டரி என்னுமிடத்தில், கிழக்கிலிருந்து வந்த தண்டவாளமும் மேற்கிலிருந்து வந்த தண்டவாளமும் இணைந்தன. ஒமாகாவிலிருந்து யூனியன் பசிபிக் கம்பெனி 1,086 மைல் போட்டது. சாக்ரமெண்டோவிலிருந்து சென்ட்ரல் பசிபிக் கம்பெனி 690 மைல் போட்டது. மேற்குப் பகுதியில் மலையைக் குடைந்து பாதை அமைத்தவர்கள் பெரும்பாலும் சீனத் தொழிலாளர். கிழக்குப் பகுதியில் அயர்லாந்துக்காரர் பலர். அப்பாதை திறந்து ஐந்து மாதம்கூட முழுமையாகச் சென்றிருக்கவில்லை. செங்காலுறைக் குழு செப்டம்பரில் அதன்மேல் பயணம் புறப்பட்டுவிட்டது! நம் நாட்டில் பம்பாயையும் கல்கத்தாவையும் இணைத்த பாதை ஜபல்பூரில் பூர்த்தியானது அடுத்த ஆண்டாகிய 1870 மார்ச்சில். அப்பாதை இந்த இடார்சி வழியாகவே செல்கிறது என்பதால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் என்னால் இருக்க இயலவில்லை.

செயிண்ட் லூயிஸில் ஆடிவிட்டு மேற்கே சென்றனர். ஒமாகாவில் மிசௌரி ஆற்றுக்கு அப்போது இரயில் பாலம் இல்லை. அது வந்தது 1872-இல். கிழக்கிலிருந்து வரும் பயணிகள் படகில் ஆற்றைக் கடந்துதான் வண்டி ஏறினர். பின்பு புல்வெளி, புல்வெளி, மீண்டும் புல்வெளி. நெப்ராஸ்காச் சமவெளியில் தண்டவாளம் நூல் பிடித்தாற்போல் ஓடுகிறது. அதன்பின் வண்டி 8,000 அடிக்கு மேற்பட்ட ஷெர்மன் மேட்டில் ஏறி இறங்கும். யூட்டாவின் உப்பு ஏரி, நெவாடாவின் வறண்ட பாலை, இறுதியில் சியரா நெவாடா மலை. பனிச்சரிவு வண்டியை மூடாதிருக்க, மலைப்பாதையில் மைல்கணக்காக மரத்தால் கூரை வேய்ந்திருந்தனர். சன்னல் வழியே மலையைப் பார்க்க ஆவலோடு அமர்ந்தால் பலகைச் சுவரைத்தான் பார்க்கலாம் என்று அக்காலப் பயணிகள் குறைபட்டுக்கொண்டனர். ஒமாகாவிலிருந்து சாக்ரமெண்டோ சேர நான்கு நாளுக்கு மேலாகும். அதற்கு முன்னர், இதே தொலைவைக் கடக்க மாட்டு வண்டிகளிலும் குதிரை வண்டிகளிலும் மாதக்கணக்கில் அலைந்தனர். அல்லது கப்பலேறிச் சுற்றிக்கொண்டு போயினர். வண்டி இல்லையெனில் இத்தகைய ஆட்டப் பயணத்தை எவரும் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள். அணியின் புகழில் தண்டவாளம் போட்டவனுக்கும் ஒரு பங்கு உண்டு என்பேன். எங்கள் துறையைச் சார்ந்து பேசுகிறேன் என்று அன்பர்கள் சிரித்தாலும் சரி.

சான் பிரான்சிஸ்கோவில் செப்டம்பர் 25-ஆம் நாள் ஈகிள் குழுவை 35-4 என வென்றனர். அதன்பின் 58-4, 66-4, 54-5, 76-5! இதைப் போட்டி என்று சொல்வதற்கில்லை. பாடம் நடத்தினார்கள் என்றே சொல்ல வேண்டும். அங்கு ஆறாவது முறை முடிந்ததும் பத்து நிமிட இடைவேளை விடும் வழக்கத்தைக் கண்டு வந்தவர்கள் வியந்தனர். மக்களை மதுக்கடைப் பக்கம் திருப்பும் தந்திரம் அது என்று உடன்சென்ற செய்தியாளர் எழுதினார். நம் சினிமாக் கொட்டகை இடைவேளைக்கும் அதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

அவ்வாண்டு முழுவதும் அவர்கள் ஆடிய முறையான ஆட்டங்கள் 57. தோல்வி ஒன்றும் இல்லை என்பதே பொதுவாகக் கூறப்படும் கணக்கு. பயணத் தொலைவு ஏறத்தாழ 12,000 மைல். வரவு 29,726 டாலர் 26 சென்ட். செலவு 29,724 டாலர் 87 சென்ட். மிச்சம் ஒரு டாலர் 39 சென்ட்! கணக்குப் புத்தகத்தோடு வாழும் எனக்கு, 57 வெற்றியைக் காட்டிலும் இந்த ஒரு டாலர் 39 சென்ட்தான் பல நாள் மனத்தில் நின்றது. தோல்வியே காணாத ஆண்டில் மிஞ்சியது இவ்வளவென்றால், தோல்வி கண்ட ஆண்டில் என்ன மிஞ்சும்?

1870 ஜூன் 14-ஆம் நாள் புரூக்ளினில் அட்லாண்டிக் குழுவுடன் மீண்டும் ஆட்டம். ஒன்பது முறை முடிந்தபோது 5-5. அட்லாண்டிக் குழுவினர் சமன் என்று ஏற்றுக்கொண்டு களத்தை விட்டுப் போகத் தொடங்கினர். ஹாரி ரைட் அதற்கு இசையவில்லை. விதிப்படி ஆடித் தீர்க்க வேண்டும் என்றார். பதினோராம் முறையில் சின்சினாட்டி இரண்டு ஓட்டம் எடுத்தது. அட்லாண்டிக் மூன்று எடுத்தது. இரண்டு பருவங்களாக எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் தோல்வி காணாத குழு 8-7 எனத் தோற்றது. சமனை ஏற்றிருந்தால் பெயர் நிலைத்திருக்கும். ஹாரி செய்தது சரியா என்று என் நண்பர்களிடையே ஒருநாள் மாலை வாதமே நடந்தது. நான் ஹாரியின் பக்கம்.

சாம்பியன் அன்றே ஊருக்குத் தந்தி கொடுத்தார். தோற்றோமே தவிர இழிவுபடவில்லை என்பது அதன் கருத்து. ஆனால் ஊரின் மனம் மாறத் தொடங்கியிருந்தது. மேலும் சில தோல்விகள் வந்தன. மைதானத்துக்கு வரும் கூட்டம் குறைந்தது. சாம்பியன் பதவியை விட்டார். நவம்பரில் சங்கம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: ஆட்டக்காரர் கேட்கும் சம்பளம் மிகுதி, அடுத்த ஆண்டு சம்பள ஆட்டக்காரரை அமர்த்துவதற்கில்லை. 27 அடி மட்டை கொடுத்து வரவேற்ற நாளிலிருந்து பதினேழு மாதம்கூட ஆகவில்லை. சங்கத்தாரை நான் குறைகூற மாட்டேன். கையில் ஒரு டாலர் 39 சென்ட் வைத்திருந்தவர்கள் அவர்கள். ஆயினும், ‘நம் பிள்ளைகள்’ என்று அழைத்த வீதி அந்தக் குளிர்காலத்தில் என்ன சொல்லிக்கொண்டது என்று கேட்கத் தோன்றுகிறது.

பிள்ளைகள் மீண்டும் மூட்டை கட்டினர். ரைட் சகோதரர், மக்வே, அவர்களோடு உள்ளூர்க்காரரான கூல்டும், பாஸ்டனுக்குச் சென்றனர். பிரைனார்டு, அல்லிசன், ஸ்வீசி, லெனர்டு, வாட்டர்மன் ஆகியோர் வாஷிங்டனுக்குச் சென்றனர். ஹாரி காலுறையையும் பெயரையும் தம்முடன் கொண்டுபோனார். பாஸ்டன் குழுவும் ரெட் ஸ்டாக்கிங்ஸ் என்றே பெயர் பெற்று, 1872 முதல் 1875 வரை நான்காண்டு தொடர்ந்து முதலிடம் வகித்தது. 1874-இல் ஹாரி தம் குழுவுடன் இங்கிலாந்து சென்று ஆடினார். கைக்குழந்தையாகப் புறப்பட்ட நாட்டுக்கு ஆட்டக்குழுத் தலைவராகத் திரும்பினார். அந்தப் பாஸ்டன் குழுவும் ஓரிடத்தில் நிலைக்கவில்லை. 1953-இல் மில்வாக்கிக்கும், 1966-இல் அட்லாண்டாவுக்கும் குடிபெயர்ந்து, இன்று அட்லாண்டா பிரேவ்ஸ் என வழங்குகிறது. சின்சினாட்டியில் இன்றுள்ள ரெட்ஸ் குழு பின்னாளில் புதிதாகத் தொடங்கியது.

ஹாரி 1895-இல் காலமானார். பந்தெறிந்த பிரைனார்டு அவருக்கு முன்னரே, 1888-இல் டென்வரில் இறந்தார். ஜார்ஜ் விளையாட்டுப் பொருள் வாணிகத்தில் செல்வம் ஈட்டி, 1937 வரை பாஸ்டனில் வாழ்ந்தார். இளையவரான மக்வே, பத்தொன்பது இருபது வயதில் புதுத் தண்டவாளத்தின்மேல் சென்று கண்ட சான் பிரான்சிஸ்கோவிலேயே 1926-இல் காலமானார்.

அவர்கள் ஆடிய சின்சினாட்டி யூனியன் மைதானம் இன்று இல்லை. அவ்விடத்தில் 1933-இல் யூனியன் டெர்மினல் என்னும் மாபெரும் இரயில் நிலையம் எழுந்தது. கவிழ்த்த அரைக்கிண்ணம் போன்ற முகப்பு. படத்தில் பார்த்தாலே பிரமிப்பூட்டும். 1972-இல் அங்கு வண்டிப் போக்குவரத்து நின்று, 1991-இல் மீண்டும் தொடங்கியது. கட்டடத்தின் பெரும்பகுதி இப்போது அருங்காட்சியகம். நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் இடையே ஓடும் ‘கார்டினல்’ என்னும் வண்டி, வாரத்தில் மூன்று நாள் மட்டும், பின்னிரவில் அங்கு வந்து நின்று செல்கிறது.